தூக்குமரமும் துப்பறியும் கதையும்: ஏட்டிலும் திரையிலும் ஒரு பிரித்தானிய மரபு

பிரித்தானியத் துப்பறியும் கதைகள் பல ஓர் அறைக்குள் முடிவடைகின்றன. ஐயத்திற்குரியோர் அனைவரும் ஒருங்கே அமர்த்தப்பெறுகின்றனர். துப்பறிவாளர் நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகிறார். கொலையாளியின் பெயர் வெளிப்படுகிறது. வாயிலில் காத்திருக்கும் காவலர் அவரை அழைத்துச் செல்கின்றனர். முடிச்சு அவிழ்ந்த நிறைவோடு படிப்போர் நூலை மூடிவைக்கின்றனர். இந்நிறைவே இவ்வகைக் கதைகள் தரும் இன்பத்தின் உச்சம் என்பதில் ஐயமில்லை. எனினும், அழைத்துச் செல்லப்பட்டவருக்கு அதன்பின் நேர்ந்தது என்ன என்னும் வினாவை இக்கதைகள் அரிதாகவே எழுப்புகின்றன.

அவ்வினாவுக்குரிய விடையைக் கதை படித்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் 1957 வரை, வயதுவந்த ஒருவர்மீது கொலைக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி பொதுவாக வழங்கத்தக்க தீர்ப்பு ஒன்றே; அது தூக்குத்தண்டனை. உள்துறை அமைச்சரின் பரிந்துரையால் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்படலாம். இல்லையெனில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளேனும் கழிந்தபின் நிறைவேற்றப்படும். ஷெர்லக் ஹோம்ஸ், எர்க்யூல் பொய்ரோ, பீட்டர் விம்சி ஆகியோரின் புகழ்பெற்ற வழக்குகள் எல்லாம் இச்சட்டத்தின் நிழலில் எழுதப்பட்டவை. அந்நிழலை ஏடு எவ்வாறு மறைத்தது, தூக்குத்தண்டனை ஒழிந்தபின் திரை அதனை எவ்வாறு மீட்டுக் கொணர்ந்தது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1868: சுவருக்குள் சென்ற தண்டனை

1849 நவம்பர் 13 அன்று லண்டனில் ஹார்ஸ்மங்கர் லேன் சிறைக்கு வெளியே மேனிங் தம்பதியர் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டனர். அங்குத் திரண்ட கூட்டத்தின் கேளிக்கையைக் கண்டு மனம் வெறுத்த சார்லஸ் டிக்கன்ஸ், தண்டனையைச் சிறைச்சுவருக்குள் நிறைவேற்ற வேண்டுமென வற்புறுத்தி 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அடுத்து வந்த ஆண்டுகளில், 1842இல் ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கப்பெற்ற துப்பறியும் பிரிவின் காவலர்களைப் பற்றித் தம் இதழில் ஆர்வத்தோடு எழுதினார். 'பிளீக் ஹவுஸ்' (1852-53) புதினத்தில் ஆய்வாளர் பக்கெட் என்னும் பாத்திரத்தைப் படைத்தபோது, அவர் கைது செய்யும் கொலையாளிக்கு மரியா மேனிங்கின் சாயலையே தந்தார். தூக்குமேடையைக் கண்ட கண்கள் துப்பறிவாளரை நோக்கித் திரும்பியதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

டிக்கன்ஸ் வேண்டியது நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1868 மே 26 அன்று நியூகேட் சிறைக்கு வெளியே மைக்கேல் பாரட் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் பொது இடத்தில் நிறைவேற்றப்பட்ட இறுதித் தூக்குத்தண்டனை அதுவே. மூன்று நாள்களில் அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழில் வில்கி காலின்சின் 'தி மூன்ஸ்டோன்' தொடராக வெளிவந்தது. ஆங்கிலத் துப்பறியும் புதினத்தின் முன்னோடியாகப் பலராலும் போற்றப்படும் நூல் இது. தூக்குமேடை தெருவிலிருந்து மறைந்த மாதங்களில் துப்பறியும் புதினம் வீட்டிற்குள் நுழைந்தது. ஒன்று மற்றொன்றின் விளைவு என்று கூறுதல் மிகையாகும். எனினும், மக்கள் கண்ணால் கண்ட முடிவு மறைக்கப்பட்ட காலத்தில், முடிவுக்கு முந்தைய புலனாய்வு அவர்தம் வியப்புக்குரியதாயிற்று எனலாம்.

'தி மூன்ஸ்டோன்' இந்திய வாசகர்க்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படையதிகாரி ஒருவர் கொலைசெய்து கவர்ந்த வைரமே கதையின் கரு. அவ்வைரம் பின்னர் ஆங்கில மாளிகை ஒன்றிலிருந்து காணாமற்போகிறது. அதைத் திருடியவரை ஆங்கில நீதிமன்றம் தண்டிக்கவில்லை. வைரத்தைத் தேடிவந்த மூன்று இந்தியரே கொல்கின்றனர். அவர்கள் பிடிபடாமல் தாயகம் திரும்ப, வைரம் சோமநாதத் திருவுருவைச் சென்றடைகிறது. தூக்குமரம் இன்றியே கணக்குத் தீர்க்கப்படுகிறது. இம்மரபின் தொடக்க நூலிலேயே இத்தகைய முடிவு அமைந்தமை கருதத்தக்கது.

இப்புதினத்தில் வரும் சார்ஜென்ட் கஃப், ஜொனாதன் விச்சர் என்னும் உண்மைக் காவலரை நினைவூட்டுபவர். 1860இல் ரோட் ஹில் மாளிகையில் மூன்று வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், குழந்தையின் மாற்றாந்தாய் வயிற்று அக்காளான கான்ஸ்டன்ஸ் கென்ட்டை விச்சர் கைது செய்தார். சான்று போதாமையால் அப்பெண் விடுவிக்கப்பட, பழி விச்சர்மீது விழுந்தது. 1865இல் அப்பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுச் சிறைவாசத்திற்குப்பின் வெளிவந்து, ஆஸ்திரேலியா சென்று, 1944இல் தம் நூறாம் அகவையில் அவர் இறந்தார். தூக்கிலிடப்பட்டிருந்தால் இழந்திருக்கக்கூடிய எண்பது ஆண்டு வாழ்வு அது. கதைகளில் கொலையாளிக்கு இத்தகைய நீண்ட பின்வாழ்வு அமைவதில்லை.

தீர்ப்பளிக்கும் துப்பறிவாளர்

1891 ஜூலை முதல் 'ஸ்டிராண்ட்' இதழில் வெளிவந்த ஹோம்ஸ் சிறுகதைகளைத் தூக்குமரத்தின் பக்கம் நின்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். ஹோம்ஸ் எத்தனையோ குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் அவர்களுள் தூக்குமேடைக்குச் செல்வோர் மிகச் சிலர். முதற் புதினமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' (1887) கதையின் கொலையாளி விசாரணைக்கு முன்னரே நோயால் இறக்கிறார். பாஸ்கோம் பள்ளத்தாக்குக் கதையில், சாகும் தறுவாயிலுள்ள முதியவரின் வாக்குமூலத்தை ஹோம்ஸ் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞரை வேறு வழியில் காப்பாற்ற இயலாவிடில் மட்டுமே அது வெளியிடப்படும். 1904இல் வெளிவந்த ஆபி கிரேஞ்ச் கதையில் இப்போக்கு உச்சமடைகிறது. கொடுமைக்காரக் கணவரைக் கொன்ற கப்பல் அதிகாரியை முன்னிறுத்தி, வாட்சனை ஜூரியாக அமர்த்தித் தாமே நீதிபதியாகி விடுதலை வழங்குகிறார் ஹோம்ஸ்.

சட்டம் தூக்குத்தண்டனை ஒன்றையே அறியும், கொலைகளோ பலவகைப்பட்டவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியைக் கதையாசிரியர் தம் துப்பறிவாளரின் மனச்சான்றால் நிரப்பினார். ஹோம்ஸ் கதைகளைப் படிப்போர் பெறும் மனநிறைவில் இவ்விரக்கத்திற்கும் பங்குண்டு. காலடித் தடத்தையும் சுருட்டுச் சாம்பலையும் பற்றியே பேசும் திறனாய்வுகள் இதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

ஆர்தர் கானன் டாய்ல் வாழ்க்கையிலும் இவ்வெளியில் நின்றவர். பம்பாயைச் சேர்ந்த பார்சியராகப் பிறந்து ஆங்கிலத் திருச்சபையின் குருவான ஷாபுர்ஜி எடல்ஜியின் மகன் ஜார்ஜ் எடல்ஜி, கால்நடைகளைச் சிதைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1903இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். டாய்ல் 1907இல் நாளிதழில் எழுதிய கட்டுரைகள் அவருக்கு அரச மன்னிப்புக் கிடைக்கத் துணைபுரிந்தன. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டிலேயே அமைந்ததற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். அடுத்து வந்த ஆஸ்கர் ஸ்லேட்டர் வழக்கு உயிரோடு தொடர்புடையது. கிளாஸ்கோவில் மூதாட்டி ஒருவரைக் கொன்றதாக 1909இல் ஸ்லேட்டருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கிலிடுவதற்கு இரண்டு நாள் முன்னர் அது குறைக்கப்பட்டது. டாய்ல் 1912இல் அவருக்காக ஒரு நூலே எழுதினார். 1927இல் விடுதலையான ஸ்லேட்டரின் தண்டனைத் தீர்ப்பு 1928இல் நீக்கப்பெற்றது. அந்த இரண்டு நாள் இடைவெளி வாய்க்காதிருப்பின் டாய்லின் நூலால் பயன் ஏதும் விளைந்திராது.

இரு போர்களுக்கு இடையில்

முதல் உலகப்போருக்குப்பின் துப்பறியும் கதை ஒரு விளையாட்டாக வடிவம் பெற்றது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகளை வகுத்தார்; 1930இல் டிடெக்ஷன் கிளப் தோன்றியது. துப்புகள் அனைத்தும் வாசகர் முன் வைக்கப்பட வேண்டும், ஆசிரியர் ஏமாற்றலாகாது என்பன உடன்பாடுகள். விளையாட்டில் தோற்றவர் உயிரிழப்பார் என்பதை மட்டும் விதிகள் கூறவில்லை.

அகதா கிறிஸ்டியின் முதற் புதினமான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' (1920) தூக்குக்கயிற்றின் அச்சத்தையே சூழ்ச்சியின் அச்சாகக் கொண்டது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்திற்கு மீண்டும் விசாரிக்கலாகாது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். எனவே கொலையாளி தம்மை விரைவில் கைது செய்யவேண்டும் என்றே விரும்புகிறார். இவ்வாறு சட்டத்தைத் திறம்படக் கையாண்ட கிறிஸ்டி, கதைமுடிவில் தூக்குமேடையைப் பலமுறை விலக்கிவிடுகிறார். 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926), 'பெரில் அட் எண்ட் ஹவுஸ்' (1932), 'டெத் ஆன் தி நைல்' (1937) ஆகிய மூன்றிலும் குற்றவாளிகள் தம் முடிவைத் தாமே தேடிக்கொள்ளப் பொய்ரோ இடந்தருகிறார். இதனை வெறும் மென்மை என்று கொள்ளலாகாது. தம் தன்வரலாற்றில் கிறிஸ்டி, கொலையாளியைக் காட்டிலும் குற்றமற்றவரைப் பற்றிய கவலையே தமக்குப் பெரிது என்னும் கருத்தினர். கொலையாளி ஒழியவேண்டும், ஆனால் ஒழிக்கும் கையைக் காட்டவேண்டியதில்லை. வாசகரின் இன்பம் கலையாதிருக்க இதுவே ஏற்ற வழி.

டோரதி சேயர்ஸ் இவ்வழியில் அமைதி காணவில்லை. 1923 ஜனவரியில் ஈடித் தாம்சன் என்னும் பெண், தம் காதலர் செய்த கொலைக்கு உடந்தை என்று தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிரான முதன்மைச் சான்று அவர் எழுதிய காதற் கடிதங்கள். ராபர்ட் யூஸ்டஸுடன் இணைந்து சேயர்ஸ் 1930இல் வெளியிட்ட 'தி டாக்குமென்ட்ஸ் இன் தி கேஸ்', இவ்வழக்கின் தாக்கத்தில் கடிதங்களாலேயே கட்டப்பட்டது. அதே ஆண்டில் வந்த 'ஸ்டிராங் பாய்சன்' நீதிமன்றத்தில் தொடங்குகிறது. குற்றக்கூண்டில் நிற்பவர் ஹாரியட் வேன் என்னும் எழுத்தாளர். துப்பறியும் கதைகளை எழுதிப் பிழைப்பவர். கொலையைப் புனைந்தவர் கயிற்றின் முன் நிற்கிறார் என்பதில் ஆசிரியரின் தன்விமரிசனம் ஒன்று மறைந்திருக்கிறது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராமையால், அவரைக் காப்பாற்ற விம்சிக்குக் குறுகிய கால வாய்ப்புக் கிடைக்கிறது.

ஏழாண்டுகளுக்குப்பின் வெளிவந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' (1937) இம்மரபில் தனித்து நிற்பது. விம்சி, ஹாரியட் ஆகியோரின் தேனிலவு வீட்டில் கொலை நிகழ்கிறது. விம்சி கொலையாளியைக் கண்டறிகிறார். வழக்கமான கதை அங்கு முடிந்திருக்கும். சேயர்ஸ் மேலும் எழுதுகிறார். தாம் பிடித்துக்கொடுத்தவருக்காக விம்சி தம் செலவில் சிறந்த வழக்குரைஞரை அமர்த்துகிறார். தீர்ப்புக்குப்பின் சிறைக்குச் சென்று மன்னிப்பு வேண்டுகிறார், அது கிட்டவில்லை. தூக்கிலிடும் நாளுக்கு முந்தைய இரவு முழுதும் உறக்கமின்றி அலைந்து, காலை எட்டு மணியை எதிர்நோக்கிய நிலையில் மனைவியின் மடியில் அழுகிறார். போரில் வீரர்களைச் சாவுக்கு அனுப்பிய ஆணைகளால் நரம்பு நலிந்தவர் அவர். இன்னொருவரையும் சாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவரைத் தாங்குபவரோ ஒருகாலத்தில் அதே கயிற்றிலிருந்து தப்பியவர். துப்பறியும் இன்பத்திற்கு விலை யாது என்று அவ்வின்பத்தை வழங்கியவரே கேட்ட அரிய இடம் இது. சேயர்ஸ் நிறைவுசெய்த இறுதி விம்சி புதினம் இதுவாக அமைந்தமை தற்செயலன்று என்று தோன்றுகிறது.

1940இல் இப்புதினம் திரைப்படமாயிற்று. அது இலேசான நகைச்சுவைப் படமாகவே அமைந்தது. 1987இல் பி.பி.சி. ஹாரியட் வேன் தோன்றும் புதினங்களைத் தொடராக்கியபோது, மூன்றை எடுத்துக்கொண்ட அத்தொடரில் நான்காவதான இது இடம்பெறவில்லை. விம்சி அழும் அந்த இரவு இன்றளவும் பெரிதும் ஏட்டிற்கே உரியதாக உள்ளது.

ரில்லிங்டன் பிளேஸ்

1950 மார்ச் 9 அன்று டிமதி எவன்ஸ் என்னும் இளைஞர் தம் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சான்று கூறியவர், லண்டன் ரில்லிங்டன் பிளேஸ் 10ஆம் எண் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்றாண்டுகளுக்குப்பின் அவ்வீட்டில் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. 1953 ஜூலையில் கிறிஸ்டியும் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு ஜனவரியில், காவலரைச் சுட்டவர் பதினாறு வயதுச் சிறுவர் என்றறிந்தும், உடனிருந்த பத்தொன்பது வயது டெரக் பென்ட்லி தூக்கிலிடப்பட்டிருந்தார். 1955இல் ரூத் எல்லிஸ். தவறான மனிதரைச் சட்டம் கொல்லக்கூடும் என்பது கதைக்கற்பனை அன்று, நாளிதழ்ச் செய்தி என்றாயிற்று. 1965இல் கொலைக்கான மரண தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, 1969இல் நிலையாக ஒழிக்கப்பட்டது. எவன்சுக்கு 1966இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

இக்கொந்தளிப்பின் நடுவே, 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் அரங்கேறியது. 2020இல் பெருந்தொற்றால் தடைப்படும் வரை அது இடையறாது நடைபெற்றது; 2021இல் மீண்டும் தொடங்கியது. அதில் முதன்முதலில் காவல் சார்ஜென்ட்டாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 'காந்தி' (1982) திரைப்படத்தின் இயக்குநராக இந்தியர் அறிந்தவர். அவரே 1971இல் '10 ரில்லிங்டன் பிளேஸ்' திரைப்படத்தில் கொலையாளி ஜான் கிறிஸ்டியாக நடித்தார். எவன்ஸ் தூக்கிலிடப்படும் காட்சியைப் பிழையின்றி அமைக்க உதவியவர், உண்மையில் எவன்சைத் தூக்கிலிட்ட ஆல்பர்ட் பியர்பாயின்ட். சில நொடிகளில் முடிந்துவிடும் அக்காட்சியில் இசையில்லை, விளக்கமில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுவருக்குள் மறைந்திருந்தது, தண்டனை ஒழிந்த இரண்டாம் ஆண்டில் பொதுமக்கள் கண்முன் வந்தது.

திரையில் மீண்ட கயிறு

1989 முதல் 2013 வரை டேவிட் சூஷே பொய்ரோவாக நடித்த எழுபது தொலைக்காட்சிப் படங்களில் தொடக்க காலத்தன, ஆர்ட் டெக்கோ கட்டடங்களையும் பழைய மகிழுந்துகளையும் காட்டி மகிழ்வித்தவை. பிற்காலத்தனவற்றில் ஒரு மாற்றம் தென்படுகிறது. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' புதினத்தில் (1942), கணவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட கரோலின் கிரேல் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் ஓராண்டில் இறந்துவிடுகிறார். பல்லாண்டு கழித்து அவர் மகள் பொய்ரோவிடம் வருகிறார். 2003இல் எடுக்கப்பட்ட படத்தில் கரோலின் தூக்கிலிடப்படுகிறார். மூலத்தைப் பெரிதும் மதித்து நடந்த ஒரு படத்தில் செய்யப்பட்ட மாற்றம் இது.

இம்மாற்றத்தின் காரணம் ஆராயத்தக்கது. 1942இன் வாசகர்க்குக் கயிற்றைக் காட்டவேண்டியதில்லை; அது அவருடைய நாட்டில் இருந்தது. கரோலின் அதிலிருந்து தப்பியதே அவருக்குச் செய்தி. 2003இன் பார்வையாளர்க்கோ, கதையில் இழக்கப்படுவது உயிர் என்பதைக் கண்ணால் காட்டினாலொழிய விளங்காது. ஏட்டின் மௌனம் அலட்சியத்தால் வந்ததன்று, அறிவோர்க்கு உரைக்கவேண்டாமையால் வந்தது. திரையின் வெளிப்படை துணிவு மட்டுமன்று, மறதிக்கு மாற்றும் ஆகும். இன்னொன்றையும் மறைக்காது கூறவேண்டும். ஒழிந்துபோன தூக்குமேடையைக் காட்டுதல் எளிது. பழைய மகிழுந்தைப் போலவே அதுவும் காலப்பின்னணியின் அணிகலனாகிவிடும் இடர்ப்பாடு இப்படங்களில் உண்டு.

'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' இதனை மேலும் தெளிவாக்கும். அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து தப்பிய கொடியவர் ஒருவரைத் தொடர்வண்டியில் பன்னிருவர் ஜூரியைப் போலக் கூடித் தண்டிக்கும் கதை அது. 1934இல் பொய்ரோ இருவகை விளக்கங்களை முன்வைத்துச் சில வரிகளில் விலகிக்கொள்கிறார். 1974இன் திரைப்படம் மதுக்கிண்ணங்கள் உயர மகிழ்ச்சியில் முடிகிறது. 2010இன் சூஷே படத்திலோ, பொய்ரோ செபமாலையைப் பற்றியபடி பனியில் கலங்கி நடக்கிறார். மூன்றிலும் கொலை ஒன்றே. அதனைத் தண்டனை என்று ஏற்க இயலுமா என்பதில்தான் வேறுபாடு. இறுதிப் படம் தன் கனத்தைச் சற்று மிகுதியாகவே அறிவித்துக்கொள்கிறது என்ற குறைக்கு இடமிருப்பினும், வினா நேர்மையானது.

'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) வேறு வகையில் பயணப்பட்டது. புதினத்தின் இறுதியில் கூரைக் கொக்கியில் ஒரு சுருக்கு காத்திருக்கிறது. அதிலிருந்து எவரும் தப்பவில்லை. 1943இல் அதனை நாடகமாக்கிய கிறிஸ்டி, போர்க்கால அவையினருக்காக இருவரை உயிரோடு விட்டார். 1945இன் திரைப்படமும் அம்முடிவையே பின்பற்றியது. 2015இல் பி.பி.சி. தொடர் சுருக்கை அதன் இடத்தில் மீண்டும் தொங்கவிட்டது.

காலின் டெக்ஸ்டர் 1989இல் எழுதிய 'தி வென்ச் இஸ் டெட்' இவ்வரிசையில் அமைதியானது. ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் நோயுற்றுக் கிடக்கும் தலைமை ஆய்வாளர் மோர்ஸ், பொழுதுபோக்காகப் பழைய வழக்கு ஒன்றைப் பற்றிய சிறுநூலைப் படிக்கிறார். 1859இல் கால்வாய்ப் படகில் சென்ற பெண்ணைக் கொன்றதாகப் படகோட்டிகள் இருவர் தூக்கிலிடப்பட்டனர். துப்பறியும் கதையைப் படுத்தவாறே படிக்கும் எந்த வாசகரும் அடையும் இன்பம்தான் மோர்ஸ் அடைவதும். பக்கங்களைப் புரட்டுகையில் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தூக்கிலிடப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். இக்கதை 1998 நவம்பரில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதற்கு நான்கு மாதங்கள் முன்னர், ஜூலை 30 அன்று, டெரக் பென்ட்லியின்மீதான தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியிருந்தது. அவர் தூக்கிலிடப்பட்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மோர்சின் படகோட்டிகளுக்கு மேல்முறையீடு செய்ய எவரும் இல்லை. அவர் உடல்தேறி வீடு திரும்புகிறார்.